ஐந்தருவியில் தாய்லாந்துப் பழம்

வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே விற்பனைக்குப் போகும் எந்தப் பொருளானாலும், அது எந்த நாட்டில் விளைந்தது அல்லது செய்யப்பட்டது என்பதை அதன் பொட்டலத்தின் மீது, படிக்கும்படியான எழுத்தில் குறிப்பிட்டிருக்க வேண்டும். இது விதி. நல்ல விதி. தூத்துக்குடித் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்த காலம் முழுக்க நான் இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன். ஒரு முறை பொம்மைச் சரக்கு ஒன்றை நிறுத்திவைத்தேன். நாட்டின் பெயர் பெட்டியின் அடிப்பக்கத்தில் இருக்கிறது என்று இறக்குமதியாளர் சொன்னார். பெட்டியைக் கவிழ்த்துப் பார்க்கும் கடமை எனக்கு இல்லை என்று பதில் எழுதினேன். மேலிடமும் அதை ஏற்றுக்கொண்டது.

அந்த விதியில் ஒரு ஓட்டை உண்டு. பொட்டலத்தைப் பிரித்துவிட்டால் விதிக்கு வேலை போய்விடும். பணியில் இருந்தவரை எனக்கு இது தோன்றவே இல்லை. ஓய்வு பெற்றுத் தென்காசிக்கு வந்து, போன சாரல் காலத்தில் ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு ஒரு பழக்கடை முன்னால் நின்றபோதுதான் தோன்றியது.

"குத்தாலம் மங்குஸ்தான்! மலைப் பழம்! வாங்க வாங்க!" என்று ஒருவன் கூவிக்கொண்டிருந்தான். ஒரு பழத்தை எடுத்துத் திருப்பினேன். காம்புக்குப் பக்கத்தில் பாதி கிழிந்த வட்ட ஸ்டிக்கர். அதில் சுருள் சுருளாகத் தாய்லாந்து எழுத்து.

"இது எந்த மலை?" என்றேன்.

"இந்தா நிக்குல்லா, இந்த மலைதான் அண்ணாச்சி."

"இந்த மலையில் ஸ்டிக்கரோடுதான் காய்க்குமா?"

பக்கத்திலிருந்து ஒரு பெண் சிரித்தார். "அப்பிடிக் கேளுங்க அண்ணாச்சி. அந்த மரத்துக்கு அவன் தண்ணிக்குப் பதிலா கோந்துல்லா ஊத்துதான்."

"மைனி, நீங்க ஒங்க வியாவாரத்தப் பாருங்க."

"எனக்கு எங்கலே வியாவாரம்? அதையும் சேத்து நீதான பாத்துக்கிட்டு இருக்க."

கடை ஒன்று, வியாபாரம் இரண்டு. தகரக் கொட்டகையின் இடது பாதி கொழுந்தனுடையது. அவன் விற்பது மஞ்சள் வலைப்பையில் வந்து இறங்கும் தாய்லாந்து மங்குஸ்தான். வலது பாதி அவனுடைய அண்ணன் மனைவியுடையது. அவர் விற்பது உண்மையிலேயே இந்த மலையில் விளைந்தது. அவன் 'மைனி, மைனி' என்று கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டு என் மனசிலும் அவர் மைனியாகவே நின்றுவிட்டார்.

மைனியின் பழம் சின்னது. தோலில் மஞ்சள் பால் கறை இருக்கும். உடைத்தால் சுளை பஞ்சு போல வெளுத்து, இனிப்பும் புளிப்பும் சரியாக இருக்கும். ஆனால் உடைத்த பிறகு தெரிவதை வைத்து யாரும் பழம் வாங்குவதில்லை. சென்னையிலிருந்து வந்தவர்கள் வழவழப்பானதைப் பார்த்துக் கொழுந்தன் பக்கமே போனார்கள். விலையும் அவனிடம் குறைவு.

"ஆகாயத்துல வந்த பழம் குறைவு. அந்தா தெரியுற மலையிலிருந்து வர்ற பழம் கூடவா? எப்படிம்மா?" என்று கேட்டேன்.

"அவனுக்கு ஏரோப்ளேன் இருக்கு அண்ணாச்சி. எனக்குப் பாலம் இல்லல்லா" என்றார்.

விஷயம் இதுதான். ஐந்தருவிக்கு மேலே ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு மங்குஸ்தான் தோப்பு இருக்கிறது. கணவர் காலத்திலிருந்து மைனியின் குடும்பம் குத்தகைக்குப் பார்க்கிறது. ஓடை மேலிருந்த நடைபாலத்தை முந்தின வருட வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அதன் பிறகு மலையைச் சுற்றிப் பழத்தைத் தலைச்சுமையாகக் கொண்டுவர வேண்டியிருந்தது. கூலி கூடியது, பழம் அடிபட்டது. தோப்பின் உரிமையாளர் தென்காசியில் இருக்கிறார். செங்கோட்டைக்கு அந்தப் பக்கத்துப் பார்ட்டி ஒன்று, மரங்களை வெட்டி விடுதிக் குடில்கள் கட்டுவதாகவும், பாலத்தைத் தன் செலவிலேயே போட்டுக்கொள்வதாகவும் அவரிடம் பேசிக்கொண்டிருந்தது. அரசாங்கம் பாலத்தைத் திரும்பக் கட்டினால் தோப்பு மைனிக்கு. இல்லையென்றால் குடிலுக்கு.

நான் சும்மா இருந்திருக்கலாம். அருவியில் குளிக்கத்தான் வந்தேன். ஆனால் முப்பது வருடம் விதியோடு குடும்பம் நடத்தியவனுக்கு, ஒரு பிரச்சினையைப் பார்த்ததும் அதற்கு எந்தப் படிவம் என்றுதான் முதலில் தோன்றும்.

முதல் மனுவை டெல்லிக்கு எழுதினேன். தாய்லாந்தோடு நமக்கு ஒரு வர்த்தக ஒப்பந்தம் இருக்கிறது. அதன்படி அங்கிருந்து வரும் சில பழங்களுக்கு வரிச் சலுகை உண்டு. வெளியுறவுக் கொள்கை என்று பத்திரிகைகள் எழுதுவதெல்லாம் கைகுலுக்கலும் பூச்செண்டும்தான். அந்தப் பூச்செண்டு ஐந்தருவிக்கு வந்து சேரும்போது மஞ்சள் வலைப்பையாக இருக்கிறது. சாரல் காலத்தில் மட்டுமாவது அந்தச் சலுகையை நிறுத்திவைக்க வேண்டும் என்று பத்தி பத்தியாக, இணைப்புகளோடு எழுதி, கடையில் உட்கார்ந்து மைனிக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. உடனே மகனுக்குப் போன் போட்டுச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் போன் என் கைக்கு வந்தது.

"சார், பழத்துக்கு வரி போடச் சொல்லி எழுதுதியளாமே?"

"ஆமா தம்பி. உங்க அம்மாவுக்காகத்தான்."

"நான் எங்க வேல பாக்கேன்னு அம்மா சொன்னாளா?"

"சென்னைப் பக்கம் கார் பாகம் செய்யுற கம்பெனின்னு சொன்னாங்க."

"அந்தப் பாகம் எங்க போகுதுன்னு சொல்லல்லையே? பாதிச் சரக்கு தாய்லாந்துக்குத்தான் சார் போகுது. நீங்க அவன் பழத்தத் தடுத்தா, அவன் எங்க பெட்டியத் தடுக்க மாட்டானா? போன மாசம்தான் என்ன பெர்மனென்ட் பண்ணிருக்காங்க. ஒரு மாசம் பொறுத்து எழுதப்பிடாதா?"

அந்த ஒப்பந்தத்தின் பட்டியலை நான் பணியில் ஆயிரம் தடவை புரட்டியிருக்கிறேன். ஒரு பக்கத்தில் பழம் இருக்கும். நாலைந்து பக்கம் தள்ளி இயந்திர பாகம் இருக்கும். அந்த இரண்டு பக்கமும் ஒரே வீட்டுக்குள் குடியிருக்கும் என்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. தாய்லாந்து அம்மாவின் வியாபாரத்தைக் கெடுக்கிறது, மகனுக்குச் சம்பளம் கொடுக்கிறது. நாடு முழுவதற்கும் கூட்டிக் கழித்தால் லாபம் என்று டெல்லியில் யாரோ கணக்குப் போட்டிருப்பார்கள். அது சரியாகவும் இருக்கும். கூட்டினவர் ஒரு ஊரில், கழிபட்டவர் ஒரு ஊரில் என்பதுதான் தொந்தரவு. இங்கே இரண்டு பேருக்கும் ஒரே ரேஷன் கார்டு.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். மைனி கொஞ்சமும் யோசிக்கவில்லை. "கிழிச்சுப் போடுங்க அண்ணாச்சி."

கொழுந்தனுக்கு வாய் காது வரை போனது. "பாத்தியளா மைனி? ஒங்க வீட்டுக்கு அரிசி போடுதவன் தாய்லாந்துக்காரன். அவன் பழத்த நான் வித்துக் குடுக்கதுல என்ன தப்பு? நன்றின்னு ஒண்ணு வேண்டாமா?"

"ஏலே, அப்ப ஒனக்கு எவம்லே அரிசி போடுதான்? தெனம் மத்தியானம் எந் தூக்குச்சட்டியத்தான நக்குத."

வெளியுறவு கை விட்டதால் உள்நாட்டுச் செலவுக்கு வந்தேன். பாலம் கேட்டுத் தென்காசியில் ஒரு அலுவலகத்தில் மனு கொடுத்தேன். எந்த அலுவலகம் என்று எழுத மாட்டேன். அவர்கள் மனுவை இன்னொரு துறைக்கு அனுப்பினார்கள். ஓடை எங்களுடையது, பாதை எங்களுடையதல்ல என்றது அந்தத் துறை. பாதை எங்களுடையது, ஓடை இல்லை என்றது மூன்றாவது. பாலம் என்பதே இரண்டையும் சேர்க்கத்தான் என்று வாதாட நான் விரும்பவில்லை. வாதாடினால் கோப்பில் ஒரு பக்கம் கூடும், அவ்வளவுதான்.

முதல் அலுவலகத்திலிருந்த உதவியாளர் அம்மாள் நல்லவர். என்னை மாடிப்படி அருகே அழைத்து மெதுவாகச் சொன்னார்: "சார், ஒரு ஆளோட தோப்புக்குப் போற பாதைன்னா எந்தத் தலைப்புலயும் நிதி இல்ல. ஆனா சுற்றுலாத் தலைப்புல பணம் இருக்கு. மார்ச்சுக்குள்ள செலவழிக்கலன்னா திரும்பிப் போயிரும். போன மார்ச்சுல அப்பிடித்தான் பூங்காக் கம்பிக்கு ரெண்டாவது தடவ பெயின்ட் அடிச்சோம்."

அரசாங்கப் பணம் மங்குஸ்தான் மாதிரி. பழுத்த வாரத்தில் தின்றால் உண்டு. தள்ளிப் போட்டால் தோல் இறுகிவிடும், உடைக்க ஆள் கிடைக்காது. சுற்றுலாத் தலைப்பில் பணம் பழுத்துக் கிடக்கும்போது தோப்பு என்ற சொல்லை நான் மனுவில் எழுதியதுதான் தவறு. மறுநாளே புது மனு எழுதினேன். ஓடைக்கு அப்பால் ஒரு பாறை இருக்கிறது. அதில் ஏறி நின்றால், வானம் தெளிவாக இருந்தால், தூரத்தில் பண்பொழி மலைக்கோயில் தெரியும். சாரல் காலத்தில் வானம் தெளிவாக இருக்காதுதான். ஆனால் வானிலை பற்றி விதியில் எதுவும் சொல்லப்படவில்லை. 'சுற்றுலாப் பயணிகள் காட்சிமுனைக்குச் செல்ல நடைபாலம் அமைத்தல் தொடர்பாக' என்று பொருள் எழுதிக் கொடுத்தேன். உதவியாளர் அம்மாள் படித்துவிட்டு, "இப்பதான் சார் இது மனு" என்றார்.

மனு உள்ளே போனது. உள்ளே போனதோடு சரி. தோப்பில் பழம் அதற்காகக் காத்திருக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனபோது மைனி பக்கத்தில் கூட்டம். எனக்குச் சந்தோஷம். கிட்டப் போய் ஒரு பழத்தை எடுத்தேன். சின்னது, மஞ்சள் கறை, நிச்சயமாக நம் மலைப் பழம். அதன் மேல் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர். தாய்லாந்து.

கொழுந்தன் தன் பழத்திலிருந்து ஸ்டிக்கரைப் பிய்த்துத் தராசுக்குப் பக்கத்தில் ஒட்டி வைப்பான். அவன் பழம் குற்றாலம் ஆகிவிடும். மைனி அங்கிருந்து அதை எடுத்துத் தன் பழத்தில் ஒட்டுவார். குற்றாலம் தாய்லாந்து ஆகிவிடும். காலையிலிருந்து ஒரே கொட்டகைக்குள் இந்த ஏற்றுமதியும் இறக்குமதியும் நடந்திருக்கிறது.

வெளிநாட்டுச் சரக்கை உள்நாட்டுச் சரக்கு என்று கடத்தியவர்களை நான் பிடித்திருக்கிறேன். உள்நாட்டுச் சரக்கை வெளிநாட்டுச் சரக்கு என்று கடத்துகிறவரைப் பிடித்தது அன்றுதான். எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று ஒரு கணம் நிஜமாகவே யோசித்தேன்.

"என்னம்மா இது?"

"நான் ஒண்ணும் பொய் சொல்லல்லையே அண்ணாச்சி. எந்த ஊருன்னு எவனாச்சும் கேட்டாத்தான சொல்லணும்? ஸ்டிக்கரப் பாத்தா கேக்க மாட்டங்கான், வாங்கிட்டுப் போயிருதான்."

"அவன் செய்யுறதும் தப்பு. நீங்க செய்யுறதும் தப்பு."

"அப்ப ரெண்டு தப்பையும் மாத்தி ஒட்டினா சரியாப் போச்சுல்லா" என்றான் கொழுந்தன், பழம் நிறுத்துக்கொண்டே.

பழப் பெட்டியின் அட்டை ஒன்றைக் கிழித்து, பேனா வாங்கி உட்கார்ந்தேன். ஏற்றுமதிக்குப் பிறப்பிடச் சான்று என்று ஒன்று உண்டு. அதன் நடை எனக்கு மனப்பாடம். 'இந்தப் பழம் ஐந்தருவிக்கு மேலுள்ள ஓடைக்கு அக்கரையில், இந்த மலையின் மழையில் முழுவதுமாக விளைந்தது என்றும், விமானத்தில் ஏறியதில்லை என்றும் இதன் மூலம் சான்றளிக்கப்படுகிறது.' கீழே ஓய்வு பெற்ற அதிகாரி என்று கையெழுத்தும் போட்டேன். முத்திரை மட்டும்தான் இல்லை. அட்டையைக் கட்டித் தொங்கவிட்ட பத்து நிமிடத்தில் ஒரு குடும்பம் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தது. எடுத்த கையோடு பழமும் வாங்கியது.

சாயங்காலம் கொழுந்தன் ஒரு அட்டையோடு வந்தான். "எனக்கும் ஒண்ணு எழுதுங்க அண்ணாச்சி."

"உண்மையைத்தான் எழுதுவேன்."

"எழுதித் தொலைங்க. அட்டை இல்லாத பக்கம் எவனும் வரமாட்டங்கான்."

'தாய்லாந்திலிருந்து விமானத்தில் வந்தது' என்று எழுதினேன். அதற்கும் கூட்டம் வந்தது. விமானத்தில் வந்த பழத்தைத் தின்று பார்க்க ஆசைப்படுகிறவர்களும் இருக்கத்தானே செய்வார்கள். அந்த வாரம் இரண்டு பக்கமும் விற்றது, இரண்டும் சொந்தப் பெயரில்.

பிறகு மலையில் பெரிய மழை. அருவியில் தண்ணீர் செம்மண் நிறத்தில் இறங்கியது. குளிக்கத் தடை போட்டார்கள். ஊரெல்லாம் வந்து இறங்கிய கூட்டம், குளிக்கவும் முடியாமல், போகவும் மனமில்லாமல், அருவியைப் பார்த்துக்கொண்டு தின்றது. மிளகாய் பஜ்ஜி, நேந்திரங்காய் சிப்ஸ், பழம் என்று எது கிடைத்தாலும் தின்றது. கொழுந்தனின் சரக்கு காலையிலேயே தீர்ந்துவிட்டது. அடுத்த வண்டி மதுரையில் நின்றுகொண்டிருந்தது. மைனியின் பழமோ பறித்த கூடைகளில் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஓடை நிறையத் தண்ணீர். சுற்றுப் பாதையிலும் சேறு சரிந்துவிட்டது.

"நல்ல வியாவாரம் நிக்கி, பழம் அங்கன கெடக்கு" என்று மைனி கூடைச் சும்மாட்டைக் கீழே போட்டார். அவர் சிரிக்காமல் இருந்து நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

கொழுந்தன் எழுந்தான். கடைச் சாக்குகளைக் கட்டும் கயிற்றையும் கிணற்றுக் கப்பி ஒன்றையும் தேடி எடுத்தான். "மைனி, அழுதுகிட்டு நிக்காம வாங்க. அண்ணாச்சி, நீங்களும் வாங்க, சான்று எழுதத் தேவப்படும்."

ஓடையின் ஒடுக்கமான இடத்தில், கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டி, அந்தப் பக்கம் இருந்த தோப்புக் காவல்காரரிடம் வீசினான். இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு இழுத்துக் கட்டப்பட்டது. கப்பியில் தொங்கவிட்ட கூடையின் கனம் தாங்காமல் கயிறு தொய்ந்தது. உடனே ஓடிப்போய்க் காலியான மஞ்சள் வலைப்பைகளை அள்ளிக்கொண்டு வந்தான். பழத்தை அவற்றில் சின்னச் சின்னதாகக் கட்டி அக்கரையிலிருந்து அனுப்பினார்கள். தாய்லாந்துப் பைக்குள் குற்றாலத்துப் பழம், ஓடைக்கு மேலே ஆடி ஆடி வந்தது. ஒவ்வொரு பை வரும்போதும் இக்கரையில் நின்ற கூட்டம் கை தட்டியது. சிலர் பையைக் கடை வரை கூட விடவில்லை. அங்கேயே வாங்கி அங்கேயே உடைத்தார்கள்.

உன் தோப்புப் பழம் பறக்கிறது என்று யாரோ சொல்லித் தோப்பின் உரிமையாளர் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு பழமும் தின்றார்.

"நல்லாத்தான் இருக்கு. எங்கப்பா வச்ச மரம், எனக்கு மட்டும் வெட்டணும்னு ஆசையா? ஆனா கயித்துல தொங்கிக்கிட்டு எத்தன வருசம் ஓட்டுவிய? விஜயதசமிக்கு அந்தப் பார்ட்டி அட்வான்ஸ் கொண்டு வாரான். அதுக்கு முந்தி, பாலம் வருதுன்னு கவர்மெண்டு காயிதம் ஒண்ணக் காட்டுங்க. தோப்பு ஒங்களுக்கே."

பருவம் முடிந்தது. கூட்டம் வடிந்தது. நான் அலுவலகத்துக்கு நடந்தேன். போகும்போதெல்லாம் கோப்பு ஒரு மேசையில்தான் இருந்தது. எந்த மேசை என்பதுதான் மாறிக்கொண்டிருந்தது. நினைவூட்டுக் கடிதம் எழுதினேன். நினைவூட்டுக்கு நினைவூட்டும் எழுதினேன். மைனி நாள் தவறாமல் போன் செய்தார். "அண்ணாச்சி, காயிதம் வந்துட்டா?" என்று தொடங்கி, "வரலன்னா பரவால்ல, சாப்ட்டியளா?" என்று முடிப்பார். பின்னால் கொழுந்தன் குரல் கேட்கும்: "தாய்லாந்துக்கு ஒரு மனு போடச் சொல்லுங்க மைனி. அவன் பாலத்தையும் பிளேன்ல அனுப்பிருவான்."

கடைசி தடவை நான் போனபோது அலுவலகமே தலைகீழாக இருந்தது. மறுநாள் பூஜை. மேசைகளைத் துடைத்துச் சந்தனம் வைக்க வேண்டும். நம் ஊர் அலுவலகங்களில் எழுதப்படாத விதி ஒன்று உண்டு. பூஜைக்கு மேசை காலியாக இருக்க வேண்டும். காலி செய்ய வேண்டுமானால் அதன் மேல் இருக்கும் கோப்பு மேலே போக வேண்டும், கீழே போக வேண்டும், அல்லது கையெழுத்தாக வேண்டும். வருடம் முழுக்க அசையாத காகிதமெல்லாம் அன்று ஒரு மத்தியானத்தில் அசையும். ஒரு நாட்டின் செலவுத் திட்டம் பொரிகடலைப் பொட்டலங்களுக்கு நடுவே நிறைவேறுவதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அதிகாரி நாற்காலியைத் துடைக்கக் கொடுத்துவிட்டு, நின்றுகொண்டே ஒவ்வொன்றாகப் படித்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். உதவியாளர் அம்மாள் என்னைப் பார்த்தார். எங்கள் கோப்பை எடுத்து அடுக்கின் மேலே வைத்தார்.

"காட்சிமுனையா? அங்கிருந்து என்ன தெரியும்?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

"பண்பொழி கோயில் தெரியும். வானம் தெளிவாக இருந்தால்."

அவர் சிரித்தார். அவரும் இந்த ஊர்க்காரர்தான். கையெழுத்துப் போட்டார்.

தபாலில் அனுப்பிவிடுகிறோம் என்றார்கள். மனுதாரர் நேரில் வந்தால் ஒப்புகை பெற்றுக்கொண்டு கையில் கொடுக்கலாம் என்ற வழக்கத்தைச் சொன்னேன். அனுப்புகை எண் போடாமல் நகர மாட்டேன் என்பதையும் சொன்னேன். எண் போட்டுக் கொடுத்தார்கள், ஒரு பொட்டலம் பொரியோடு. நடைபாலம் அமைக்க நிர்வாக ஒப்புதல் அளிக்கப்படுகிறது, நிதி சுற்றுலாத் தலைப்பில் நடப்பு ஆண்டிலேயே செலவிடப்பட வேண்டும் என்று இருந்தது.

ஆட்டோ பிடித்து நேராக உரிமையாளர் வீட்டுக்குப் போனேன். மைனியையும் அங்கேயே வரச் சொன்னேன். கொழுந்தன்தான் பைக்கில் கொண்டுவந்து இறக்கினான். உரிமையாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு அந்தப் பார்ட்டிக்குப் போன் போட்டு, அட்வான்ஸ் கொண்டுவர வேண்டாம் என்றார்.

"தோப்பு நமக்குத்தான அண்ணாச்சி?" என்று மைனி என்னிடம் இன்னொரு தடவை கேட்டார்.

"உங்களுக்குத்தான்."

"தேதி எல்லாம் சரியா போட்டிருக்காவளா? பின்னாடி எவனும் பேசப்பிடாதுல்லா?"

காகிதத்தை வாங்கி, பழக்கத்தில் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, தேதியை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள்.